கானோ அமீரகம்: காலனிக் கால வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமீரகம் என்றதும் நமக்குத் துபாய்தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்லப்போவது வடக்கு நைஜீரியாவின் கானோவை. மண்மதில் சூழ்ந்த, ஹவுசா இன மக்களின் வணிக நகரம், அவுரிச் சாயத்துணிக்குப் பேர்போனது. 1903 முதல் 1960 வரை அது பிரிட்டிஷார் கையில் இருந்தது. அந்தக் காலத்தை எழுதும்போது சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஆட்சியாளர்களின் அறிக்கைகளை அப்படியே நம்புவதால் வருபவை.

முதலில், கானோவைத் தனி ராஜ்ஜியமாக எழுதிவிடாதீர்கள். 1804-இல் உஸ்மான் தன் ஃபோடியோ என்ற மார்க்க அறிஞர் தொடங்கிய ஜிஹாதில் உருவான சொக்கோட்டோ கிலாஃபத் என்ற இஸ்லாமியப் பேரரசுக்கு உட்பட்டது அது. கானோவை ஆண்ட அமீர், கிலாஃபத்தின் தலைவரான சொக்கோட்டோ சுல்தானுக்குக் கட்டுப்பட்டவர். இதை விட்டுவிட்டால் 1903-இல் பிரிட்டிஷார் கானோவைப் பிடித்த கதை புரியாது. அந்தப் பிப்ரவரியில் மோர்லண்ட் என்ற பிரிட்டிஷ் தளபதியின் தலைமையிலான படை மதிலைப் பிளந்து நுழைந்தபோது அமீர் அலியு ஊரிலேயே இல்லை. புதிதாகப் பொறுப்பேற்ற சுல்தானைப் பார்க்கச் சொக்கோட்டோ போயிருந்தார். “அமீர் ஓடிப்போனார்” என்று ஒரு வரியில் முடிப்பது அநியாயம். அவருடன் திரும்பி வந்த படையில் ஒரு பகுதி வழியில் பிரிட்டிஷாரோடு மோதியது, அதில் அமீரின் முதன்மை அமைச்சரான வசீர் உயிர்விட்டார். அலியு பிடிபட்டு, நாடுகடத்தப்பட்டு, 1926-இல் லோகோஜாவில் இறந்தார். அவர் சகோதரர் அப்பாஸைப் பிரிட்டிஷார் அமீராக உட்கார வைத்தார்கள்.

பெரிய தவறு இனிமேல்தான். “மறைமுக ஆட்சி” என்ற சொல்லைக் கேட்டதும், பழைய அரசு பழையபடியே இருந்தது, வெள்ளையர் மேலே இருந்து பார்த்துக்கொண்டார்கள் என்று எழுதிவிடுகிறோம். அந்த முறையை வடக்கில் நிறுவியவர் ஃபிரடெரிக் லுகார்ட்; 1858-இல் நம் சென்னையில் பிறந்தவர். காகிதத்தில் அது நாகரிகமாகத்தான் தெரியும். நடந்தது வேறு. அமீரை நியமிப்பதும் நீக்குவதும் பிரிட்டிஷார் கைக்குப் போயின. நகரத்தில் இருந்தபடியே ஆள்வைத்து வரி வாங்கிக்கொண்டிருந்த பிரபுக்களை அவரவர் மாவட்டத்துக்கே போய்க் குடியிருக்கச் சொன்னார்கள். அப்புறம் உள்ளூர்க் கருவூலம் வந்தது. அமீரும் சம்பளம் வாங்குபவர் ஆனார். 1908-இல் கார்கில் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அரண்மனை அடிமைகளில் ‘தன் ரிமி’ என்ற பட்டம் கொண்ட ஒருவரை வசீர் பதவியில் அமர்த்தினார். அப்பாஸுக்கும் பிரபுக்களுக்கும் அது பெரிய அவமானம். அடுத்து வந்த அதிகாரி டெம்பிள் அந்தப் போக்கை மாற்றி அமீரின் பக்கம் சாய்ந்தார். ஓர் அதிகாரி மாறினால் அமீரின் பலமே மாறும் என்றால், அதைப் பழைய ஆட்சி என்று எப்படிச் சொல்வது?

“1901-இல் அடிமை முறை ஒழிந்தது” என்றும் எழுதாதீர்கள். அந்த ஆண்டின் பிரகடனம் அடிமை என்ற சட்ட நிலையை ஏற்க மறுத்தது, ஏப்ரல் முதல் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரமானவர்கள் என்றது. ஏற்கெனவே அடிமைகளாக இருந்தவர்கள் அதனால் விடுதலையாகிவிடவில்லை. பலர் பணம் கட்டித்தான் தங்களை மீட்டுக்கொண்டார்கள். ஓடிவருபவர்களை ஊக்குவிக்க வேண்டாம் என்றே அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. விவசாயம் நின்றுவிடும் என்ற பயம். முழுமையான சட்டத் தடை 1936-இல்தான் வந்தது. அந்த 35 ஆண்டுகளை ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போகக் கூடாது.

நிலக்கடலை விஷயமும் இப்படித்தான். 1911-இல் கானோவுக்கு ரயில் வந்தது. பிரிட்டிஷார் எதிர்பார்த்தது இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளுக்கான பருத்தியை. விவசாயிகளோ கணக்குப் போட்டு, கூடுதல் வருமானம் தந்த நிலக்கடலையைப் பயிரிட்டார்கள். கிராமம் கிராமமாகப் போய்க் கொள்முதல் செய்தவர்கள் ஹவுசா வியாபாரிகள். “வெள்ளைக்காரன் கடலையைக் கொண்டுவந்தான்” என்றால் அந்த மக்களின் முடிவு காணாமல் போய்விடுகிறது. 1913-14 பஞ்சத்தையும் சேர்த்தே எழுதுங்கள். மழை பொய்த்தபோது இந்தப் புதிய பணப்பயிரால் வயிறு நிறையவில்லை.

பெயர்களிலும் கவனம் வேண்டும். சொக்கோட்டோவில் அத்தாஹிரு என்ற பெயரில் இரண்டு சுல்தான்கள்: முதல்வர் 1903 ஜூலையில் புர்மியில் போரிட்டு இறந்தவர், இரண்டாமவர் பிரிட்டிஷார் அமர்த்தியவர். கானோவில் சனுசி என்ற பெயரில் இரண்டு அமீர்கள். முதலாம் சனுசி 1963-இல் பதவி இழந்ததையும் காலனியாட்சியின் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. நைஜீரியா விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை இறக்கியது வடக்கு மாகாண அரசு. அதன் பிரதமர் அஹ்மது பெல்லோ, உஸ்மான் தன் ஃபோடியோவின் வம்சத்தவர்.