கிரெனடா வரலாற்றை குழம்பாம படிக்கிறது எப்படி: ஒரு கோட்டையோட பேர் போதும்

கரீபியன் தீவு வரலாறு படிக்க உக்காந்தாலே பாதி பேருக்கு தலை சுத்திரும், பிரான்ஸ்காரன் பிடிச்சான், இங்கிலாந்துக்காரன் வாங்கினான், மறுபடி பிரான்ஸ், மறுபடி இங்கிலாந்துன்னு போயிட்டே இருக்கும். கிரெனடாவுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்கு. தலைநகர் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்துக்கு மேல ஒரு கோட்டை நிக்குது, அதோட பேர் எப்ப எப்ப மாறுச்சுன்னு பாத்தா போதும், ஆட்சி மாறின கதை முக்கால்வாசி வந்துரும்.

தேடும்போதே ஒண்ணு கவனிங்க, ஸ்பெயின்ல கிரனடான்னு ஒரு ஊர் இருக்கு, தமிழ்ல தட்டினா ரெண்டும் கலந்துதான் வரும். கூடவே 1974, இல்லன்னா 1983ன்னு சேர்த்துத் தேடினா தீவு கிடைக்கும்.

முதல் பேர் ஃபோர்ட் ராயல், பிரெஞ்சுக்காரங்க கட்டினது. அவங்க 1649 வாக்குல மார்ட்டினிக்ல இருந்து வந்து குடியேறினாங்க, அங்க ஏற்கனவே இருந்த கலினாகோ மக்களோட சீக்கிரமே சண்டை வந்துச்சு. தீவோட வட முனையில சோட்டேர்ஸ்னு ஒரு ஊர், பிரெஞ்சுல குதிச்சவங்கன்னு அர்த்தம், பிடிபடுறதுக்கு சாவே மேல்னு கலினாகோ மக்கள் அங்க பாறையில இருந்து கடல்ல குதிச்சாங்க, அவங்க ஞாபகமா வந்த பேர். அதனால மேப்பை பக்கத்துல வச்சுக்கிட்டே படிங்க, ஊர்ப் பேர் சொல்றதை பல புத்தகம் ரெண்டு வரியில தாண்டிப் போயிரும்.

ரெண்டாவது பேர் ஃபோர்ட் ஜார்ஜ். 1763 பாரிஸ் ஒப்பந்தத்துல தீவு பிரிட்டன் கைக்குப் போச்சு, ராஜா பேரை கோட்டைக்கு வச்சாங்க. 1779ல பிரான்ஸ் திரும்பப் பிடிச்சது, 1783ல திரும்பக் கொடுத்தது, இதை மனப்பாடம் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. நின்னு படிக்க வேண்டியது 1795. பிரிட்டிஷ் ஆட்சியில பிரெஞ்சு பேசுற கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை பறிபோச்சு, அந்தக் கோபத்துல ஜூலியன் ஃபெடோன்னு ஒரு கலப்பின தோட்ட முதலாளி கிளம்பினார், அடிமைகளும் கூட சேர்ந்தாங்க, ஒரு வருஷத்துக்கு மேல தலைநகரைத் தவிர கிட்டத்தட்ட மொத்தத் தீவும் அவங்க கையிலதான். கவர்னர் நினியன் ஹோமையே கொன்னாங்க. 1796ல கிளர்ச்சியை அடக்கிட்டாங்க, ஆனா ஃபெடோன் மட்டும் கடைசி வரைக்கும் மாட்டவே இல்ல!

அப்புறம் 1834ல அடிமை முறை ஒழிப்பு, 1857ல இருந்து இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகள், ஜாதிக்காய்த் தோட்டம், இதெல்லாம் வேகமா தாண்டலாம். 1951ல வண்டியை நிறுத்துங்க. எரிக் கெய்ரின்னு ஒரு தொழிற்சங்கத் தலைவர், தோட்டத் தொழிலாளர்களை வச்சு பெரிய ஸ்ட்ரைக் நடத்தினார், அதே வருஷம் எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்துச்சு, அவர் கட்சி ஜெயிச்சது. 1974 பிப்ரவரி 7ல சுதந்திரம் வாங்கினப்ப அவர்தான் பிரதமர். ஏழைகளுக்காக வந்தவர் அதுக்குள்ள தனக்குன்னு ஒரு அடியாள் கூட்டம் வச்சுக்கிட்டார். சுதந்திரத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடி நடந்த போராட்டத்துல ரூபர்ட் பிஷப்னு ஒருத்தரை சுட்டுக் கொன்னாங்க.

மூணாவது பேர் இவரோடதுதான், ஃபோர்ட் ரூபர்ட். இவர் மகன் மாரிஸ் பிஷப், 1979 மார்ச் 13ல கெய்ரி வெளிநாடு போயிருந்த நேரம் பார்த்து அவரோட கட்சியான நியூ ஜூவல் இயக்கம் ஆட்சியைப் பிடிச்சதும் பிரதமர் ஆனார், கோட்டைக்கு அப்பா பேர் வந்துச்சு. இங்கதான் பலரும் தப்பு பண்றாங்க, இதை கியூபாவோட நகல்னு நினைச்சுப் படிக்காதீங்க. கியூபா உதவி நிறைய இருந்தது உண்மைதான், அரசியல் சட்டத்தைத் தள்ளி வச்சதும் உண்மைதான், ஆனா பிரிட்டிஷ் ராணியையும் கவர்னர் ஜெனரலையும் அப்படியே விட்டுட்டாங்க, புரட்சி அரசுக்கு ராணி தலைமை!

1983ல கட்சிக்குள்ளயே பிளவு வந்துச்சு, துணைப் பிரதமர் பெர்னார்ட் கோர்ட் பக்கம் இருந்தவங்க பிஷப்பை வீட்டுக் காவல்ல வச்சாங்க. அக்டோபர் 19ல ஜனங்க திரண்டு போய் அவரை மீட்டு நேரா கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க, ராணுவம் வந்து அங்கேயே சுவத்துல நிறுத்தி சுட்டுருச்சு. அப்பா பேர் வச்ச கோட்டைக்குள்ளேயே மகன். உடல் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல.

ஆறு நாள் கழிச்சு அமெரிக்கப் படை இறங்குச்சு. இந்தப் பகுதியை ஒரே ஒரு கட்டுரையை மட்டும் வச்சுப் படிக்காதீங்க. அங்க படிச்ச அமெரிக்க மருத்துவ மாணவர்களைக் காப்பாத்த வந்தோம்னு அமெரிக்கா சொல்லுச்சு, ஐநா பொதுச்சபையில 108 நாடு கண்டிச்சு ஓட்டுப் போட்டுச்சு, எதிர்த்துப் போட்டது 9. ஆனா கிரெனடாவுலயே அக்டோபர் 25 நன்றி செலுத்தும் நாள்னு விடுமுறை. எழுதுறவர் இதை படையெடுப்புங்கிறாரா மீட்புங்கிறாரான்னு பாருங்க, மிச்சத்தை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சுரும்.

கோட்டை பேரும் ஃபோர்ட் ஜார்ஜ்னே திரும்பிருச்சு. ஆனா பிஷப் ஆட்சியில ஒரு விமான நிலையம் கட்ட ஆரம்பிச்சாங்க, சோவியத் விமானம் இறங்கத்தான் கட்டுறாங்கன்னு அமெரிக்கா பயம் காட்டுச்சு, அதுக்கு 2009ல மாரிஸ் பிஷப் பேரையே வச்சுட்டாங்க. அதனால பழைய மேப்ல பாயின்ட் சலீன்ஸ்னு பாத்தீங்கன்னா அதுவும் இதுவும் ஒண்ணுதான்.