முதலில் ஒரு காந்தம் வாங்குங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரைப்படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள். அவர்களின் அந்தக் காலப் புகைப்படங்களைச் சேர்க்க ஆசையா? சட்டைப்பையில் சின்னக் காந்தம் இருக்கட்டும். அன்று உலோகத் தகட்டில் எடுத்த படம் டின்டைப். ‘டின்’ என்று பெயரே தவிர, தகடு இரும்புதான், காந்தம் இழுக்கும். ஆம்ப்ரோடைப் என்பது கண்ணாடியில் எடுத்த படம், இழுக்காது. இரண்டிலும் உருவம் இடவலம் மாறியிருக்கும். பெல்ட் பக்கிளில் ‘யு.எஸ்.’ நேராகத் தெரிந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

நான் முதலில் வாங்கிய படத்தில் பித்தளைச் சட்டம் நிஜமாகவே பழையது, உள்ளே இருந்த வீரர் மட்டும் புத்தம் புதிய நகல். ஒரு மாதச் சம்பளம் போச்சு!

அட்டையில் ஒட்டிய காகிதப் படமா? பின்பக்கம் பாருங்கள். வரி வில்லை (அஞ்சல்தலை மாதிரி ஒட்டுவது) இருந்தால் பெரும்பாலும் 1864 செப்டம்பர் முதல் 1866 ஜூலை வரை விற்றது. அப்புறம், விற்பவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் படைச்சேவைப் பதிவோடு ஒப்பிடுங்கள். பெயரில்லாதவையே அதிகம்.

காசு செலவழிக்கும் முன் கண்ணைப் பழக்க, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் லில்யன்குவிஸ்ட் தொகுப்பை (இந்தப் போர்க் காலப் படங்கள்) இணையத்தில் பாருங்கள். அதில் மனைவி, இரண்டு மகள்களோடு ஒரு வீரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரும் நீண்ட காலம் தெரியாமலே இருந்தது.