ஜப்பான் டிவியா? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

ஓணம் நெருங்கினால் கேரள எல்லையில் களியக்காவிளையில் இருந்து பாறசாலை வரைக்கும் டிவி கடைகளின் ஆஃபர் பேனர்தான். போன ஓணத்துக்கு எங்கள் மாமா அப்படி ஒரு கடையில் இருந்து டிவி இறக்கினார். "ஜப்பான் கம்பெனியாக்கும் மக்கா! அந்தச் சேட்டன் சத்தியம் பண்ணாத குறை."

மாமா ஷார்ஜாவில் வேலை பார்த்தவர். அங்கிருந்து கொண்டுவந்த ஜப்பான் டேப் ரெக்கார்டர் இன்னும் பரணில் இருக்கிறது, தட்டினால் பாடும். கல்ஃப் பெட்டியில் வந்திறங்கிய பெயர்கள் மேல் எங்கள் பக்கம் தனி மரியாதை உண்டு. விற்கிறவர்களுக்கும் அது தெரியும்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஜப்பான் என்று சொல்ல அந்த டிவியில் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். கையில் ஒரு போன் இருந்தால் போதும்.

முதல் படி: ஒரு கேள்வியை நாலாக உடையுங்கள்

"எந்த நாட்டுக் கம்பெனி?" என்று கேட்டால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். பெயர் எங்கே பிறந்தது, இப்போது யார் கையில் இருக்கிறது, பொருளை யார் செய்கிறார்கள், எந்த ஊரில் பூட்டுகிறார்கள் என்று அதற்குள் நாலு கேள்வி இருக்கின்றன. கடைக்காரர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார், அது பொய்யாகவும் இருக்காது. மற்ற மூன்றுக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொள்வது நாம்தான்.

மோட்டோரோலா அமெரிக்காவில் பிறந்த பெயர். அதன் போன் தொழில் 2014 முதல் சீனாவின் லெனோவோவிடம் இருக்கிறது. ஜப்பானின் ஷார்ப் 2016இல் தைவானின் ஃபாக்ஸ்கான் கைக்குப் போனது. தோஷிபாவின் டிவி தொழிலை 2018இல் சீனாவின் ஹைசென்ஸ் வாங்கிக்கொண்டது. எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. கோடக் அமெரிக்கப் பெயர், தாம்சன் பிரெஞ்சுப் பெயர், பிளாபங்க்ட் ஜெர்மன் பெயர். இந்தியாவில் இந்த மூன்று பெயரிலும் டிவி விற்க உரிமம் வாங்கியது ஒரே இந்தியக் கம்பெனி: நொய்டாவின் சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ்.

பெயரை வாடகைக்கு எடுப்பது குற்றமில்லை, பொருள் மோசம் என்றும் அர்த்தமில்லை. மாமா வீட்டு டிவியும் நன்றாகத்தான் ஓடுகிறது. "ஜப்பான்" என்ற சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுத்த காசைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

இரண்டாம் படி: பொடி எழுத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். பின்பக்க ஸ்டிக்கரில் இருப்பது சட்டம் கேட்பது. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் யார், எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும். ஆன்லைன் கடைகளும் அந்த நாட்டைக் காட்டியாக வேண்டும்.

"அண்டர் லைசென்ஸ்" என்ற சொல் கண்ணில் பட்டால் பெயர் வாடகைக்கு வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். "டிசைன்டு இன்" என்பதை வைத்து எங்கே செய்தார்கள் என்று சொல்ல முடியாது. "மேட் இன் இந்தியா" என்று இருந்தாலும் உள்ளே இருக்கும் திரை (பேனல்) பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வந்ததுதான்.

மூன்றாம் படி: பிஐஎஸ் எண்

டிவி, போன், சார்ஜர், பவர் பேங்க் எல்லாவற்றிலும் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையோடு ஆங்கில "ஆர்" எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்த எண் என்று முகவரியோடு வரும். மாமாவின் டிவிக்கு வட இந்தியாவில் ஒரு தொழிற்பேட்டை முகவரி வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

நாலாம் படி: வாட்ஸ்அப் வித்தைகளை விடுங்கள்

குடும்ப குரூப்பில் இதைச் சொன்னதும் ஆளாளுக்கு ஒரு ஃபார்வர்டு அனுப்பினார்கள். பார்கோடு 890இல் தொடங்கினால் இந்தியப் பொருளாம். இல்லை. பார்கோடு எண் கொடுக்கும் ஜிஎஸ்1 என்ற அமைப்பின் இந்தியப் பிரிவில் அந்தக் கம்பெனி எண் வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சீனாவில் செய்து இறக்கிய பொருளிலும் 890 இருக்கலாம்.

அடுத்தது ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐயின் ஏழாவது, எட்டாவது இலக்கம். அது 13 என்றால் அசர்பைஜானில் செய்ததாம், உடம்புக்கு ஆகாதாம்! அசர்பைஜான்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ. முதல் எட்டு இலக்கமும் சேர்ந்து போனின் மாடலைக் குறிக்கும், தொழிற்சாலையைக் குறிக்காது. போனில் *#06# போட்டு எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு இடம் விட்டு 14422க்கு மெசேஜ் அனுப்பினால் பிராண்டும் மாடலும் வரும். பெட்டியில் எழுதியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள்.

ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்தது என்று காட்டும் சிஇ முத்திரையில் எழுத்துகள் நெருங்கியிருந்தால் "சைனா எக்ஸ்போர்ட்" என்பதும் கட்டுக்கதை. அப்படி ஒரு முத்திரையே கிடையாது.

கடைசிப் படி: பில்லில் எழுதச் சொல்லுங்கள்

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். "ஜப்பானில் செய்தது என்று பில்லில் எழுதித் தாருங்க சேட்டா" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். மாமாவுக்காக ஒரு மிக்சி வாங்கப் போனபோது நான் கேட்டுப் பார்த்தேன். "அது... பிராண்டு அவிடத்தே ஆணு" (பிராண்டு அந்த ஊருடையது) என்று கடைக்காரர் மலையாளத்துக்கு மாறிவிட்டார். எனக்கு வேண்டிய பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குக் கூப்பிடலாம். தவறாக வழிகாட்டும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் உண்டு. பேனரையும் முன்கூட்டியே போட்டோ எடுத்து வையுங்கள், ஓணம் முடிந்த மறுநாளே கழற்றிவிடுவார்கள்.