அலுவலகத்தில் ஹேண்ட்செட் காணவில்லையா?

டெக்ட் வகைக் கம்பியில்லாத் தொலைபேசி காணாமல் போனால் மேசை மேசையாகத் துழாவ வேண்டாம். ஒரே பேஸ் ஸ்டேஷன் (ஹேண்ட்செட்டை ரேடியோ அலைகளால் தொலைபேசி இணைப்புடன் சேர்க்கும் பெட்டி) உள்ள சிறிய அலுவலகம் என்றால் அதிலுள்ள பேஜ் பொத்தானை அழுத்துங்கள், ஹேண்ட்செட் ஒலிக்கும்.

பல மாடிக் கட்டடத்தில், அது எந்த பேஸ் ஸ்டேஷனுடன் இணைந்திருக்கிறது என்பதைத் தொலைபேசி அமைப்பின் நிர்வாகப் பக்கத்தில் பெரும்பாலும் பார்க்கலாம். கட்டடத்துக்குள் ஒன்றின் எல்லை சுமார் 50 மீட்டர்தான் என்பதால் தேடும் இடம் சுருங்கிவிடும். ஆனால் அலைகள் கூரையையும் ஊடுருவும்: இரண்டாம் மாடியில் இருப்பதாகக் காட்டும் ஹேண்ட்செட் முதல் மாடிக் கழிப்பறை ஜன்னலில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கலாம்!

பேஸ் ஸ்டேஷன்களுக்கு ‘2ஆம் மாடி, லிஃப்ட் அருகில்’ என்பதுபோல் பெயரிடுங்கள். வெறும் வரிசை எண்ணால் பயனில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டால் இந்த வழிகள் எதுவும் உதவாது, உடனே தேடுங்கள்.