மல்டிமீடியா வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தவணையில் கற்பித்தற் பயிற்சிக்காக எங்கள் பாடசாலைக்கு வந்த ஆசிரிய பயிலுநர்களின் விஞ்ஞான வகுப்புகளைக் கடைசி வாங்கில் அமர்ந்து கவனித்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைக் கண்டபோது இவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. மின்வடத்தை மறந்து வருவது, பென் டிரைவ் திறக்காமற்போவது போன்றவற்றை இங்கே சேர்க்கவில்லை. அவற்றை எவரும் ஒரு வாரத்தில் தாமாகவே திருத்திக்கொள்வர்.

வரைந்து முடித்த படத்தைக் காட்டுதல்

சாதாரண தர வகுப்பொன்றில் குவிவு வில்லை பற்றிய பாடம் நடந்தது. பயிலுநர் கதிர்ப்படத்தின் அசைவூட்டத்தைத் திரையில் ஓடவிட்டார். பொருள் நகர நகர, கதிர்கள் தாமே முறிந்து விம்பமும் இடம் மாறியது. நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. "பிள்ளைகள் நல்ல கவனமாக இருந்தார்கள், சேர்" என்று அவர் வெளியே வந்து மகிழ்ச்சியுடன் சொன்னார்.

அந்த அமைதியை நம்பி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். கணினிப் படங்களைத் திரையில் காட்டும் மல்டிமீடியா கருவி கிடைத்த முதல் ஆண்டில் இந்த அலகை இரண்டே பாடவேளைகளில் முடித்துவிட்டு, மிஞ்சிய நேரத்தை எண்ணிப் பெருமைப்பட்டேன். தவணைப் பரீட்சை விடைத்தாள்களில், ஒளியியல் மையத்தினூடாக நேராகச் செல்ல வேண்டிய கதிரையே பலர் வளைத்திருந்தனர். சிலர் அம்புக்குறியே இடவில்லை. பார்த்த படம் அவர்களுக்கு நினைவிருந்தது, ஆனால் அதை வரையக் கை பழகியிருக்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் பிள்ளையிடம் இருப்பவை பென்சிலும் அடிமட்டமும் மட்டுமே. மீண்டும் கற்பிக்க நேரமில்லாமல் அவர்களை அப்படியே பரீட்சைக்கு அனுப்பியதை நினைக்கும்போது இன்றும் எனக்கு என்மீது கோபம் வருகிறது.

ஆகவே இப்போது வரிசையை மாற்றியுள்ளேன். முதலில் ஆளுக்கொரு வில்லையைக் கொடுத்து, யன்னலுக்கு எதிரேயுள்ள தேயிலை மலையை வெள்ளைத்தாளில் விழச் செய்கிறேன். மூடுபனி விலகிய நேரமாயின் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் கூரைகள்கூடத் தலைகீழாகத் தெரியும். அடுத்து, குவியத்தூரம் 10 செ.மீ., பொருள் 30 செ.மீ. தொலைவில் என்று கொடுத்து அளவிடைக்கு வரையச் சொல்கிறேன். மறுபுறத்தில் 15 செ.மீ. தொலைவில், தலைகீழாக, பாதி உயரத்தில் விம்பம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் தத்தம் படத்தைக் கையில் வைத்திருக்கும்போதுதான் அசைவூட்டம் வருகிறது. அதையும் இடையிடையே நிறுத்தி, பொருள் இன்னும் கிட்ட வந்தால் விம்பம் எங்கே போகும் என்று கேட்கிறேன்.

கலைச்சொல்லைக் கவனியாதிருத்தல்

தமிழில் கிடைக்கும் பாடக் காணொளிகளில் பல தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியவை. அங்கே செல், ஒளிவிலகல், ஒளிச்சேர்க்கை என்பார்கள். இலங்கையில் நமது வினாத்தாளிலோ அவை கலம், ஒளிமுறிவு, ஒளித்தொகுப்பு என்றே வரும். காணொளியை ஓடவிடுமுன் இரு சொற்களையும் பலகையில் அருகருகே எழுதிவிடுங்கள்.

வகுப்பினுள் நின்று இணையத்தில் தேடுதல்

முதல்நாளே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஒப்படையை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புதல்

2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது நமக்கு வேறு வழி இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதுவும் தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பிய பின்னரே கைக்குக் கிடைக்கும். அதே வினாக்களைக் கரும்பலகையிலும் எழுதிவிட்டு மணியடிக்க விடுங்கள்.