கன்ஸ்ட்ரக்‌ஷன் லைனை மாத்தணும்னா எடுத்ததும் டெலீட் அடிக்காதீங்க

கேட் (கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ற) சாஃப்ட்வேரோட பேராமெட்ரிக் ஸ்கெட்ச்ல, அதாவது அளவை மாத்தினா வடிவமும் தானா மாறுற ஸ்கெட்ச்ல, ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் கோட்டை எடுத்துட்டு வேற ஒண்ணு போடணும்னா எல்லாருக்கும் கை நேரா டெலீட்டுக்குத்தான் போகும், அங்கதான் பாதி வேலை கெட்டுப்போகுது. அந்தக் கோடு எக்ஸ்ட்ரூட் ஆகாது, அதாவது அதை இழுத்து கன உருவமா ஆக்க முடியாது, சும்மா துணைக்கோடுதான், ஆனா மத்ததெல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது.

ஒரு பிளேட்டை எடுத்துக்கோங்க. நடுவுல 80 மிமீ பிசிடி வட்டம் (ஓட்டைகளோட சென்டர் எல்லாம் உக்கார்ற வட்டம்), ஆரிஜின் வழியா 45 டிகிரில ரெண்டு குறுக்குக்கோடு, இது எல்லாம் கன்ஸ்ட்ரக்‌ஷன். 4 ஓட்டையோட சென்டரும் வட்டத்து மேலயும் கோட்டு மேலயும் இருக்கு. இப்போ வட்டத்தை எடுத்துட்டு 70க்கு 50 செவ்வகம் போடணும். வட்டத்தை டெலீட் பண்ணா அதோட சேர்ந்து 6 கன்ஸ்ட்ரெயின்ட் (கோட்டையும் புள்ளியையும் நகராம கட்டி வைக்கிற விதி) போயிடும்: ஓட்டைக்கு ஒண்ணா 4, சென்டரை ஆரிஜின்ல பிடிச்சது, அப்புறம் அந்த 80. திரையில ஒண்ணுமே நகராது! அதான் ஆபத்து. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (ஸ்கெட்ச் இன்னும் எத்தனை விதமா நகர முடியும்ங்கிற எண்ணிக்கை) மட்டும் 0ல இருந்து 4 ஆயிருக்கும், அதைப் பாக்காம அடுத்த வேலைக்குப் போயிட்டா நாலு ஓட்டையும் அந்தந்தக் குறுக்குக்கோட்டுல வழுக்கிக்கிட்டே இருக்கும், வேற ஏதோ அளவை மாத்தறப்போதான் தெரியும்.

அடுத்த தப்பு, செவ்வகத்தோட மூலையை ஓட்டை சென்டரோட கோயின்சிடன்ட் பண்றது (ஒரே புள்ளியில சேர்த்துப் பிடிக்கறது), ஆனா 45 டிகிரி கோட்டுல இருந்து ஓட்டையை விடுவிக்காம விட்டுடறது. 70க்கு 50ல மூலைவிட்டம் 45 டிகிரி வராது, கன்ஸ்ட்ரெயின்ட்டை எல்லாம் கணக்குப் போடற சால்வர் கான்ஃப்ளிக்ட்னு கத்தும், நாம பயந்து கைக்குக் கிடைச்ச கன்ஸ்ட்ரெயின்ட்டை எல்லாம் அழிப்போம். தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, எது எதோட மோதுதுன்னு லிஸ்ட்ல பாருங்க.

புதுசைப் பழசு மேலயே வரையறதும் வேண்டாம். ஆட்டோ கன்ஸ்ட்ரெயின்ட் பழைய கோட்டையே பிடிச்சுக்கும், அப்புறம் பழசை அழிச்சா அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டும் சேர்ந்து போயிடும். கொஞ்சம் தள்ளி வரைஞ்சு, பழசுல இருந்து ஒரு கன்ஸ்ட்ரெயின்ட்டை எடுத்து, அதுக்கு ஈடானதைப் புதுசுக்குக் குடுத்து, ஒவ்வொண்ணா மாத்துங்க, நேரம் ஆகும்தான் ஆனா வேற வழி இல்லை.

அளவுக்குப் பேர் வச்சு வேற ஸ்கெட்ச்ல எக்ஸ்ப்ரெஷன்ல (அளவுக்கான ஃபார்முலால) யூஸ் பண்ணியிருந்தா அதை முதல்லயே தேடிப் பாருங்க, ஏன்னா அழிச்சதும் அங்க எரர் வரும்.

நிஜக் கோடுதான் துணைக்கோடா ஆகணும்னா திரும்ப வரையவே தேவையில்லை, கன்ஸ்ட்ரக்‌ஷன் மோடுக்கு டாகிள் பண்ணா போதும், கன்ஸ்ட்ரெயின்ட் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா ப்ரொஃபைல் (எக்ஸ்ட்ரூட் ஆகற மூடின வடிவம்) திறந்துக்கும், எக்ஸ்ட்ரூட் ஃபெயில் ஆகலாம், அதைப் பாத்துக்கோங்க.

கோட்டை மாத்தினா மேல இருக்கிற ஃபில்லெட் (விளிம்பை வளைவா ஆக்கறது) வேற எட்ஜுக்குத் தாவற கதை ஃப்ரீகேட்ங்கிற இலவச கேட் சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு நல்லாத் தெரியும். 2024 நவம்பர்ல வந்த 1.0 வெர்ஷன்ல அது நிறையக் குறைஞ்சிருக்கு, முழுசாப் போகலை. சாலிட்வொர்க்ஸ்ங்கிற இன்னொரு கேட் சாஃப்ட்வேர்ல ரீப்ளேஸ் என்டிட்டின்னே ஒரு டூல் இருக்கு, பழைய கோட்டை நம்பியிருந்த ரெஃபரன்ஸைப் புதுசுக்கு மாத்திக்குடுக்கும், இருக்கிறப்போ அதையே யூஸ் பண்ணுங்க.

கடைசில பழைய வட்டத்துல பிசிடி அளவைத் தவிர ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இல்லைன்னு ஆனதும் உடனே அழிக்காம, செவ்வகத்தோட 70ஐ 90 ஆக்கிப் பாருங்க. நாலு ஓட்டையும் மூலையோடவே சேர்ந்து நகர்ந்தா திரும்ப 70 போட்டுட்டு வட்டத்தை அழிச்சுடலாம்.