கார்பரேட்டர் மாற்றுமுன்: பத்மினி, அம்பாசடர்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐடிலில் நிற்கவில்லை, பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்கிறது என்றதும் பலர் நேராகச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போய், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர் ஒன்றோடு திரும்புகிறார்கள். முதல் தவறே அதுதான். தீப்பொறி சம்பந்தப்பட்ட பாயின்ட், கண்டென்சர், பிளக், டைமிங் (பொறி விழும் நேரம்) நான்கையும் பார்த்த பிறகே கார்பரேட்டரில் கை வைக்க வேண்டும். பாயின்ட் கருகிக் கிடந்தால் புது கார்பரேட்டர் போட்டாலும் வண்டி அதே மாதிரிதான் திக்கும்.

பழைய பீஸ் வாங்குவதானால் கடையிலேயே திராட்டில் ஷாஃப்டை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுழலும் தண்டு) விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். வெளியே பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கும். ஷாஃப்ட் துளை தேய்ந்திருந்தால் அது வழியே ஏர் இழுக்கும், எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஐடில் நிலைக்காது. ஜெட்டில், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துண்டில், பொறித்த எண்ணையும் பழையதோடு ஒப்பிடுங்கள். சோலெக்ஸ் ரகக் கார்பரேட்டரில் 120 என்றால் துளை 1.20 மில்லிமீட்டர். அடைத்திருந்தால் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெருத்துவிடும். காற்று அடித்தாலே போதும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் கார்பரேட்டரைப் பிடிக்கும் ஸ்டட்டும் (மரையுள்ள தண்டு) நட்டும் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள். அவசரப்பட்டு ஸ்பேனரை அழுத்தினால் கார்பரேட்டர் உட்காரும் எஞ்சின் குழாயான மேனிஃபோல்டுக்குள்ளேயே ஸ்டட் முறியும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கார்பரேட்டர் வெளியே வந்த நொடியே மேனிஃபோல்டு வாயில் சுத்தமான துணியைத் திணியுங்கள். ஒரு ஸ்பிரிங் வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்துவிடும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது கேஸ்கெட்டில், அதாவது இரண்டு பாகங்களுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங்கில். பழைய பேக்கிங்கை முழுசாகச் சுரண்டி எடுக்காமல் புதியதை மேலே வைப்பது, சந்தேகத்துக்கு சிலிக்கான் பேஸ்ட் தடவுவது இரண்டுமே தப்பு. சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உரிந்துவிடும். பிளேன்ஜ் (கார்பரேட்டரின் அடித்தட்டு) மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் யாரோ முன்பே நட்டை ஓவர் டைட் வைத்து அதன் இரண்டு காதையும் வளைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். கார்பரேட்டருக்கு அடியில் இருக்கும் கறுப்பு நிற ஃபைபர் ஸ்பேசரைத் தேவையில்லாத பொருள் என்று தூக்கிப் போடாதீர்கள். எஞ்சின் சூடு கார்பரேட்டருக்கு ஏறாமல் அதுதான் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் மே மாத மத்தியானம் மூலக்கடை சிக்னலில் பெட்ரோல் கொதித்து வண்டி நிற்கும். ஸ்பேசருக்கு இரண்டு பக்கமும் கேஸ்கெட் வேண்டும். நட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

டேங்க் துருவையும் மறக்காதீர்கள். புது ஃபில்டர் போடுங்கள். ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாகவே வாங்குங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் உள்ளே உதிர்ந்து பெட்ரோல் வரத்தை நிறுத்தும் நீடில் வால்வில் சிக்கும், பெட்ரோல் வழியும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் மின் பம்பைப் பொருத்தவே வேண்டாம். அதன் அழுத்தத்தை இந்த நீடில் தாங்காது.

வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் ஒருவரை ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கச் சொல்லி, பட்டர்ஃபிளை (காற்று வழியில் சுழலும் தகடு) முழுக்கத் திறக்கிறதா, விட்டதும் தானாக மூடுகிறதா என்று பாருங்கள். சோக் கேபிள் பாதியில் நின்றால் கறுப்புப் புகைதான் வரும்.

டியூனிங்கை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வண்டி சமதளத்தில் நிற்கும்போது செய்யுங்கள். சோலெக்ஸில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருப்பி, தட்டியதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பலமாக இறுக்கினால் ஊசி முனையில் பள்ளம் விழும். அப்புறம் எத்தனை சுற்று எடுத்தாலும் கணக்கு பிடிபடாது. அம்பாசடரில் எஸ்.யூ. என்ற வேறு ரகக் கார்பரேட்டராக இருந்தால் அதற்குள் இருக்கும் பிஸ்டனையும் மேல் மூடியையும் வேறு ஜோடியோடு கலக்காதீர்கள். தூக்கி விட்டால் பிஸ்டன் "டக்" என்று விழ வேண்டும். டேஷ்பாட்டில் (பிஸ்டனுக்கு மேலே உள்ள ஆயில் குழல்) ஆயில் விட மறந்தால் ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் திணறும்.

ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது வேண்டாம், எண்ணூர் சாலைத் தூசியில் இரண்டு கிலோமீட்டர் என்றாலும். பெரம்பூர் மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றிப் பாருங்கள். கார்பரேட்டர் பக்கம் பட்டென்று வெடித்தால் இன்னும் எங்கோ ஏர் இழுக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் ஆறட்டும். கேஸ்கெட் படிந்திருக்கும், நட்டுகளை இன்னொரு முறை லேசாக இறுக்குங்கள்.